வைப்புமுறை: எழுதி முடித்த ஆய்வேட்டைத் திரும்பப் படித்தல்

(மாத்தளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆய்வைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் தலைப்பை எப்படித் தெரிவது, தரவை எங்கே தேடுவது, உசாத்துணைப் பட்டியலை எப்படி எழுதுவது என்று பேசிவிட்டுப் போவது வழக்கம். நடுவில் ஒரு கட்டம் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. மாணவர் எழுதி முடித்துவிட்டார். நூற்றைம்பது பக்கம் தட்டச்சாகி மேசையில் கிடக்கிறது. மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு, "எல்லாம் இருக்குது, ஆனால் கோர்வை இல்லை" என்று ஒரு வரியில் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வது? அநேகமானவர்கள் எழுத்துப்பிழை திருத்துகிறார்கள். இன்னும் சிலர் பந்திக்குப் பந்தி 'எனவே', 'ஆகவே', 'இதனடிப்படையில்' என்று முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். 'எனவே' போட்டுவிட்டால் மட்டும் முதற் பந்தியிலிருந்து இரண்டாம் பந்தி பிறந்துவிடாது. அந்த இரண்டு பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இதை மாத்தளையில் வைத்துப் பேசுவதற்கு எனக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. இந்த மண்டபத்திலிருந்து தம்புள்ளைப் பக்கமாக மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்று மகாவம்சம் சொல்கிறது. எந்த இடத்தில் என்று அது பெயர் சொல்லவில்லை. பிற்கால நூல்களும் மரபும்தான் அலுவிகாரை என்கின்றன. இந்த வேறுபாட்டை ஓர் ஆய்வேட்டில் எழுதாமல் விட்டால் நான் மதிப்பெண் குறைப்பேன். ஆனால் இன்று எனக்கு வேண்டியது இடமல்ல, அந்த நூற்றொகுதியின் அடுக்கு.

திரிபிடகத்தின் ஒரு பகுதியான சுத்த பிடகத்தின் முதல் நான்கு நிகாயங்களையும் பாருங்கள். தீக நிகாயத்தில் இருப்பவை நீண்ட உரைகள், 34. மஜ்ஜிம நிகாயத்தில் நடுத்தர நீளமுள்ளவை, 152. இரண்டுக்கும் அளவுகோல் நீளம். சம்யுத்த நிகாயம் அப்படியல்ல. பொருளால் இனம் சேர்த்த 56 கொத்துகள். அங்குத்தர நிகாயம் எண்ணால் அடுக்கப்பட்டது. ஒரே ஒரு பொருளைச் சொல்லும் உரைகள் முதலில், இரண்டைச் சொல்பவை அடுத்து, இப்படிப் பதினொன்று வரை போகும். ஒரே போதனைதான், அடுக்கு மூன்று விதம். இதில் எது சரி என்று கேட்டால் கேள்வியே பிழை. தீக நிகாயத்தை ஓதுவதற்கென்று ஒரு கூட்டம், மஜ்ஜிமத்தை ஓதுவதற்கென்று இன்னொரு கூட்டம் என்று பாணகர்கள் இருந்தார்கள். ஒருவர் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு நீளம் கணக்கு. நினைவிலிருந்து நழுவாமல் பிடிப்பதற்கு எண் கொக்கி. ஒரு விடயத்தைப் பற்றி எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்க வேண்டியவருக்குப் பொருள் அடுக்கு. ஆள் மாறினால் அடுக்கும் மாறும்.

இப்போது நம் பிள்ளைகளின் வரைபுக்கு வருவோம். அதன் அடுக்கு என்ன என்று பல வரைபுகளில் தேடியிருக்கிறேன். நீளமும் அல்ல, எண்ணும் அல்ல, பொருளும் அல்ல. எழுதியவர் எந்த வரிசையில் தெரிந்துகொண்டாரோ அந்த வரிசை. முதலில் பிரதேச செயலகத்துக்குப் போனார், அங்கே கொடுத்த புள்ளிவிபரம் முதல் அத்தியாயம். பிறகு நூலகத்தில் வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது, அது இரண்டாவது. மூன்றாவதாகத் தோட்டத்துக்குப் போய் முதியவர்களிடம் கேட்டது மூன்றாவது. தேடிய பாதை எழுதியவருக்கு அருமையானதுதான். வாசிப்பவர் அந்தப் பாதையில் வரவில்லையே. அவர் ஒரு கேள்விக்கு விடை தேடி வருகிறார்.

ஓர் உதாரணத்தோடு போவோம். யாருடைய ஆய்வேடும் அல்ல. இந்தப் பக்கத்தில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு விடயத்தை வைத்து நானே கட்டிய மாதிரி. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நடை. வழிநெடுக கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் தண்ணீர் இல்லாமலும் செத்தார்கள். மலைநாட்டுக்குள் நுழைகிற வாசல் மாத்தளை. டொனோவன் மொல்ட்ரிச் 'பிற்றர் பெரி பொண்டேஜ்' என்ற நூலில் (1989) இந்தக் கோப்பித் தொழிலாளரின் கதையை எழுதியிருக்கிறார். நம் மாணவரின் கேள்வி இது: வடபாதை எனப்படும் இந்த வழியில் அத்தனை பேர் இறந்தது ஏன்?

எழுதி முடித்த அத்தியாயம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பந்திக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். பந்தியில் என்ன இருக்கிறது என்றல்ல, பந்தி என்ன சொல்கிறது என்று. பிறகு பந்திகளை மறந்துவிட்டு ஓரக்குறிப்புகளை மட்டும் இன்னொரு தாளில் கீழே கீழே எழுதி வாசியுங்கள். நம் மாதிரி வரைபில் இப்படி வரும்: மாத்தளையின் எல்லைகள், மாவட்டத்தின் பரப்பு, கோப்பி எப்போது வந்தது, தமிழகத்தில் பஞ்சம், கங்காணி ஆள் சேர்த்தது, 1848 கிளர்ச்சி, மறுபடியும் பஞ்சம், முத்துமாரியம்மன் கோயில், மன்னாரிலிருந்து பாதை, கொலரா, மறுபடியும் கங்காணி.

ஓர் அத்தியாயம் முழுதும் ஒளிந்திருந்தது பதினொரு வரியில் அம்பலமாகிவிடுகிறது. பஞ்சம் இரண்டு இடத்தில், கங்காணி இரண்டு இடத்தில். நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் கூறியது கூறல் இதுதான். பாதையில் நடந்து வருவதற்கு முன்னாலேயே கோயில் வந்து நிற்கிறது. கேள்வியே சாவைப் பற்றியது. கொலரா பத்தாவது வரியில்தான் தலைகாட்டுகிறது. அதுமட்டுமா, 1848 கிளர்ச்சியோடு அதன் தலைவர் வீரபுரன் அப்புவும் வந்துவிட்டார். மாத்தளையைப் பற்றி எந்த விடயத்தை எழுதினாலும் அவர் வந்துவிடுவார். அவர் 1848 ஓகஸ்ற்றில் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டது வரலாற்றில் பெரிய விடயம்தான்; வடபாதைச் சாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரி காட்ட முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் அது மற்றொன்று விரித்தல். பிறகு மாவட்டத்தின் பரப்பு 1,993 சதுர கிலோமீற்றர். அந்த எண் வழியில் விழுந்து செத்தவருக்கும் உதவவில்லை, அவரைப் பற்றி வாசிப்பவருக்கும் உதவாது. புவியியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னாருக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்டது வரண்ட வலயம், ஊர்கள் குறைவு, குடிக்கத் தண்ணீர் குளத்தை நம்பியது என்ற புவியியல் கட்டாயம் வேண்டும். அது முதற் பக்கத்திலல்ல, தண்ணீரில்லாமல் செத்ததைச் சொல்லும் பக்கத்தில் வேண்டும்.

ஓரக்குறிப்பு எழுதும் இந்த முறையை இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறார்கள். ஏட்டில் ஏறிய அந்தத் திரிபிடகத்தில் இதற்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. நிகாயங்களில் அநேகமாகப் பத்து உரை கொண்ட ஒரு வர்க்கம் முடிகிற இடத்தில் உத்தானம் என்று ஒரு சிறு செய்யுள் வரும். அந்தப் பத்து உரைகளிலிருந்தும் உரைக்கொரு சொல்லை எடுத்துக் கோத்தது. ஓதுகிறவர் ஒன்றை விட்டுவிட்டால், இடம் மாற்றி ஓதிவிட்டால், உத்தானம் காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய ஓரக்குறிப்புப் பட்டியலிடம் அதே வேலையைத்தான் கேட்கிறோம்.

ஒரு பந்திக்கு ஓரக்குறிப்பு எழுத வரவில்லை என்றால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எழுத வராததற்கு இரண்டு காரணம்தான் உண்டு. ஒன்று, அந்தப் பந்தியில் மூன்று விடயம் இருக்கிறது, பிரிக்க வேண்டும். மற்றது, ஒன்றுமே இல்லை, எடுக்க வேண்டும். இரண்டாவது வகையை எடுக்க மாணவர்களுக்கு மனம் வராது. பொதுவாக அதுதான் மொழிநடை மிக அழகாக அமைந்த பந்தியாக இருக்கும்.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது. இனி எப்படி அடுக்குவது? வடபாதைக்கு மூன்று அடுக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, காலவரிசை. கோப்பி பரவிய 1840கள், பிறகு ஒவ்வொரு பத்தாண்டாக, 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது, 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது என்று போகும். எழுத எளிது. குறை என்னவென்றால், கொலரா ஒவ்வொரு பத்தாண்டிலும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்ததுபோல் எழுதுவீர்கள். ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்ற கேள்வி அடுக்குக்குள்ளேயே அமுங்கிப்போகும்.

இரண்டாவது, பாதைவரிசை. மன்னார்க் கரை ஓர் அத்தியாயம், மதவாச்சிக் காடு ஒன்று, தம்புள்ளை ஒன்று, மாத்தளை ஒன்று. வாசிக்க நன்றாக இருக்கும், மனதை உலுக்கும். ஆனால் இந்த அடுக்கில் எல்லோரும் தெற்கு நோக்கியே நடக்கிறார்கள். கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்தவர்களில் பெருந்தொகையானோர் பருவம் முடிந்ததும் அதே பாதையால் திரும்பி நடந்தார்கள். வேலை செய்து மெலிந்த உடம்போடு திரும்பியவர்கள் எங்கே செத்தார்கள்? பாதைவரிசை அவர்களை விழுங்கிவிடும். நான் மேசையில் தேடுவது இதைத்தான். தகவல் கையில் இருந்தும் அடுக்கு அதற்கு இடம் கொடுக்காததால் வெளியே நிற்கிற தகவல்.

மூன்றாவது, பொறுப்புவரிசை. யார் என்ன செய்திருக்க வேண்டும்? முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி, ஆள் வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்த தோட்டத்துரை, பாதை, கிணறு, தங்குமடம், வைத்தியம் ஆகியவற்றைச் செய்திருக்க வேண்டிய அரசாங்கம். இப்படி அடுக்கியதும், அதுவரை அமைதியாக இருந்த சான்றுகள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கத் தொடங்கும். பொறுப்பை ஆளுக்காள் தள்ளிய காலம் அது. தள்ளியவர்களின் எழுத்துகளே இன்றைக்கு நமக்குச் சான்று. அந்தச் சண்டையைத் தீர்க்கப் போனால் ஆய்வு தானாகவே வாதமாகிவிடும். இந்தக் கேள்விக்கு மூன்றாவது அடுக்குத்தான் பொருத்தம் என்பது என் முடிவு. கேள்வி 'நடந்தவர்களின் அனுபவம் எப்படி இருந்தது' என்றிருந்தால் தயங்காமல் இரண்டாவதை எடுத்திருப்பேன், திரும்பி நடந்தவர்களுக்கு ஓர் அத்தியாயம் சேர்த்து.

இவை தவிர நாலாவது அடுக்கு ஒன்றும் உண்டு. கண்டியில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஆச்சிபோல்ட் லோரி, மத்திய மாகாணத்தின் ஊர்களைப் பற்றி 1896, 1898ஆம் ஆண்டுகளில் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். வலப்பனையை மட்டும் விட்டுவிட்டார். மாத்தளையின் ஊர்கள் அதில் உண்டு. ஊர்ப்பெயர்கள் ஆங்கில அகரவரிசையில். தேடிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல அடுக்கு கிடையாது. அகரவரிசையில் எந்த ஊரும் இன்னோர் ஊருக்குக் காரணமாவதில்லை என்பதுதான் விடயம். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. நம் ஆய்வேடுகளில் இலக்கிய மீளாய்வு என்ற பகுதி இதே அடுக்கில்தான் எழுதப்படுகிறது. இன்னார் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அடுத்த ஆண்டில் அப்படிச் சொன்னார். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் நூற்றாண்டுக் கணக்காக வந்து போனவர்கள் ஆளுக்கொரு பாட்டுக் கீறிவிட்டுப் போனதுபோல. அந்தச் சுவரில் 685ஐ வாசித்து 1956இல் பதிப்பித்த செனரத் பரணவிதான, எழுத்தையும் மொழியையும் பற்றி நீண்ட முன்னுரை எழுதித்தான் அவற்றை ஒன்றாக்கினார். நம் மாணவர் சுவரை மட்டும் தருகிறார். ஆட்களின் பெயரால் அடுக்காமல், அவர்கள் எந்த விடயத்தில் உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்று அடுக்கினால் பத்துப் பக்கம் நாலு பக்கமாகும். பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐந்து அத்தியாய மாதிரிப்படிவத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அது பெட்டி, பெட்டிக்குள் என்ன அடுக்கு என்பதை அது சொல்லாது.

அடுத்தது அத்தியாயங்கள். இங்கே பரிமேலழகரைத் துணைக்கு அழைக்கிறேன். திருக்குறளில் ஓர் அதிகாரம் தொடங்கும்போது, பொருள் சொன்ன கையோடு, இது ஏன் முந்திய அதிகாரத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் அவர் மேலே போவார். அதிகார முறைமை என்பது அதற்குப் பெயர். வள்ளுவர் எந்த வரிசையில் வைத்தார் என்பது வேறு கதை. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவரில் ஒரு மாதிரி, பரிமேலழகரில் ஒரு மாதிரி. சில இடங்களில் அவர் சொல்லும் காரணம் இழுத்துக் கட்டியதுபோலத்தான் எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தின் தலையில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: இரண்டாம் அத்தியாயத்தில் இன்னது தெரியவந்தது, அதனால் இன்ன கேள்வி எழுகிறது, அதை இங்கே பார்க்கிறோம். இந்த வரி வரவில்லை என்றால், இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலும் ஒன்றும் கெடாது என்று பொருள். இடம் மாற்றினாலும் கெடாத இரண்டு அத்தியாயம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அங்கே வாதம் அறுந்திருக்கிறது.

முழு ஆய்வேட்டுக்கும் இதேபோல ஒரு வரி வேண்டும். இதற்கும் அலுவிகாரைப் பக்கமே உதாரணம் இருக்கிறது. பாளி உரையாசிரியர் புத்தகோசரை அங்கே இன்றும் நினைவுகூருகிறார்கள். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே தன் உரையொன்றின் முடிவில் சொல்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்துக்கு வந்து, திரிபிடகத்துக்கான பழைய விளக்கவுரைகளைப் பாளியில் எழுத அனுமதி கேட்டபோது, மகாவிகாரைத் தேரர்கள் அவரைச் சோதிக்க இரண்டு காதைகளைக் கொடுத்தார்களாம். அதற்கு விடையாக அவர் எழுதியது விசுத்திமார்க்கம். இருபத்துமூன்று அத்தியாயம். முழு நூலும் தொடக்கத்தில் உள்ள ஒரே ஒரு பாட்டை விரித்தது. அந்தப் பாட்டிலேயே சீலம், சமாதி, ஞானம் மூன்றும் இருக்கின்றன. நூலும் அதே வரிசையில் போகிறது. சீலத்துக்கு இரண்டு அத்தியாயம், சமாதிக்குப் பதினொன்று, ஞானத்துக்குப் பத்து. கவனியுங்கள், பகுதிகள் சம அளவில் இல்லை. அத்தியாயங்கள் எல்லாம் முப்பது பக்கமாக இருக்க வேண்டும் என்று இழுத்தும் வெட்டியும் எழுதுகிற மாணவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எந்த இடத்தில் விடயம் கனமோ அந்த இடத்தில் பக்கம் கூடட்டும்.

அதே கதையில் இன்னொன்றும் உண்டு. எழுதி முடித்த ஏட்டைத் தேவர்கள் ஒளித்துவைத்தார்களாம். அவர் மறுபடி எழுதினார், மறுபடி ஒளித்தார்கள். மூன்றாம் முறை எழுதியதும் முதல் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றையும் வைத்து வாசித்துப் பார்த்தால் சொல்லிலோ வரிசையிலோ ஒரு வேறுபாடும் இல்லையாம். எனக்குக் கிடைக்கும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வரைபுகளும் பெரும்பாலும் அப்படித்தான், தேவர்களின் தலையீடு எதுவும் இல்லாமலே.

அலுவிகாரைக்குப் போகிறவர்களுக்கு ஏட்டில் எழுதிக் காட்டுவார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது. கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்த பிறகுதான் எழுத்துத் தெரியும். கீறியது கீறியதுதான், ஒரு வரியை எடுத்து அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே வைப்புமுறை எழுத்தாணியை எடுக்கும் முன்பே தலைக்குள் முடிந்திருக்க வேண்டும். நமக்குக் கணினியில் ஒரு பந்தியைத் தூக்கி எங்கேயும் வைக்கலாம், செலவே இல்லை. இருந்தும் யாரும் தூக்குவதில்லை. திரையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. முழு வீட்டையும் சாவித்துவாரத்தால் பார்த்து யார் சாமான் இடம் மாற்றுவார்கள்? அதனால் நான் சொல்வது பழைய வழி. ஓர் அத்தியாயத்தை ஒற்றைப் பக்கமாக அச்செடுங்கள். பந்தி பந்தியாகக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தரையில் பரப்புங்கள். வெட்டிய பந்தியில் 'மேற்கூறியவாறு', 'முன்னர் கண்டதுபோல' என்ற தொடர்கள் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். இடம் மாறும்போது அவைதான் முதலில் பொய்யாகும். தங்கை, தம்பி யாரையாவது கூப்பிட்டு, இந்தத் துண்டுகளை அடுக்கித் தா என்று சொல்லுங்கள். விடயம் தெரியாத ஒருவர் எந்த இரண்டு துண்டுக்கு நடுவில் தயங்குகிறாரோ அந்த இடத்தில் ஒரு வாக்கியமாவது குறைகிறது. நன்னூலார் குற்றத்தோடு அழகும் பத்துச் சொன்னார். அதில் முறையின் வைப்பு என்பது இந்தத் தரையில்தான் நடக்கும்.

முடிவுரை அத்தியாயத்துக்கு வருகிறேன், நேரமாகிவிட்டது என்று அவைத்தலைவர் பார்க்கிறார். பத்துக் குற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். நம் முடிவுரைகள் எல்லாவற்றுக்கும் நோய்ப்பெயர் இது. முதல் அத்தியாயம் நாற்பது பக்கம், முடிவுரை மூன்று பக்கம். அதிலும் இரண்டு பக்கம் முன்பு சொன்னதன் சுருக்கம், மிச்சத்தில் அரசாங்கத்துக்கு ஆறு பரிந்துரை. முடிவுரையை எடுத்து முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அங்கே கேட்ட கேள்விக்கு இங்கே விடை இருக்கிறதா? வேறொரு கேள்விக்கு விடை இருந்தால் பதற வேண்டாம். அநேகமாக அந்த விடைதான் நல்லது. எழுத எழுதத்தான் மாணவருக்கு விடயம் பிடிபட்டிருக்கிறது. அப்போது திருத்த வேண்டியது முதல் அத்தியாயத்தின் கேள்வியை. நம் மாதிரி மாணவர் 'ஏன் இறந்தார்கள்' என்று தொடங்கி, 'இறப்பை யார் கணக்கெடுத்தார்கள், எதற்காக' என்று முடித்திருந்தால், இரண்டாவதுதான் அவருடைய ஆய்வு. தலைப்பையும் கேள்வியையும் மாற்றி எழுதி, பட்டியலை இன்னொருமுறை போட வேண்டும். மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு செய்யுங்கள். தலைப்பு மாற்றத்துக்குப் பீடங்களில் விதிகள் உண்டு.

இந்த மண்டபத்தில் உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெளிவாரிப் பட்டத்துக்கு எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு மேற்பார்வையாளரைக் காண்பதே அரிது. வரைபைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முதலில் உங்களிடம்தான் வருகிறார்கள். நூற்றைம்பது பக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, அவர்களும் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். ஓரக்குறிப்புப் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அத்தியாயத்துக்கு ஒரு தாள். அதைக் கையில் வைத்து, இந்த வரிக்குப் பிறகு இந்த வரி ஏன் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் போதும்.